பெட்டியைக் கண்டதும் வாசலில் படுக்கும் நாய்

ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறீர்களா? வீட்டு நாயை யாரிடம், எப்படி விட்டுச் செல்வது என்ற கேள்விக்கு அறிவியல் நிறைய உதவி செய்கிறது.

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் லிட்டில் இந்தியாவில் பெட்டி வியாபாரம் சூடுபிடிக்கும். சிராங்கூன் சாலைக் கடைகளிலும் முஸ்தஃபா சென்டரிலும் ஊருக்குக் கொண்டுபோகச் சாக்லெட்டும் தைலமும் வாங்கும் கூட்டத்தில் உங்கள் குடும்பமும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அலமாரியின் மேலிருந்து பெரிய பெட்டியை இறக்குகிறார். உங்கள் நாய்க்கு மணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். மணி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. முகர்ந்து பார்க்கிறது. பிறகு வாலைத் தொங்கவிட்டபடி வாசலுக்கு அருகில் போய்ப் படுத்துக்கொள்கிறது. “அதுக்கு எல்லாம் தெரியும்,” என்கிறார் பாட்டி.

பாட்டி சொல்வதில் உண்மை இருக்கிறது. உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு அந்த ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறும் என்று ரஷ்ய அறிவியலாளர் இவான் பாவ்லோவ் காட்டியதைப் படித்திருப்பீர்கள். மணிக்கும் அதேபோன்ற கற்றல்தான். போன தடவை பெட்டி இறங்கியது. சில நாளில் நீங்கள் எல்லாரும் காணாமல் போனீர்கள். இந்தத் தடவையும் பெட்டி இறங்குகிறது.

ஆனால் மணிக்குத் தெரியாதது ஒன்று உண்டு. மூன்று வாரத்தில் நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள் என்பதை அதற்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. அந்த மூன்று வாரம் எப்படி இருந்தது என்று அதனாலும் உங்களிடம் சொல்ல முடியாது. சாப்பாடு கிடைக்காவிட்டாலும், உடம்பு சரியில்லாவிட்டாலும் அது புகார் கொடுக்கப் போவதில்லை. அதனால் அதன் சார்பில் நீங்கள்தான் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கூடவே அழைத்துப் போகலாமே?

பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. தமிழ்நாட்டுக்குப் போகும் குடும்பத்துக்கு இது எளிதான வழியல்ல. காரணம், ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய்.

சிங்கப்பூரில் 1953ஆம் ஆண்டு முதல் ரேபிஸ் இல்லை. இந்தியாவில் அந்நோய் இன்னும் இருக்கிறது. ரேபிஸ் கிருமி உடலுக்குள் நுழைந்ததும் நோய் வெளிப்பட்டுவிடாது. கடிபட்ட இடத்திலிருந்து நரம்புகளின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிப் பயணம் செய்யும். இதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் நன்றாகவே ஓடி விளையாடும். நோய் வெளிப்பட்ட பிறகு அநேகமாக உயிரைக் காப்பாற்ற முடியாது.

அதனால்தான் விமான நிலையத்தில் ஒரு நாயைப் பார்த்துவிட்டு ‘நலமாக இருக்கிறது’ என்று உள்ளே விட முடியாது. ரேபிஸ் உள்ள நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்குத் தடுப்பூசி, ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் போதுமான அளவு இருக்கிறதா என்ற பரிசோதனை, இறக்குமதி அனுமதி, தனிமைப்படுத்தல் என்று பல படிகள் உண்டு. ஒரு விடுமுறைப் பயணத்துக்காக மணியை விமானச் சரக்கறையில் ஏற்றி, திரும்பியதும் கூண்டில் தனிமைப்படுத்துவது அதற்குப் பெரிய தண்டனையாகிவிடும். பெரும்பாலான நாய்கள் இங்கேயே தங்குவதுதான் நல்லது.

நாயிடம் கேள்வி கேட்பது எப்படி?

நாம் இல்லாதபோது நாய்க்கு உண்மையிலேயே வருத்தம் உண்டா? அல்லது அது நம் கற்பனையா? பேசத் தெரியாத விலங்கிடம் இதைக் கேட்க அறிவியலாளர்கள் சில நல்ல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் வழி, குழந்தைகளிடமிருந்து வந்தது. பழக்கமில்லாத ஓர் அறையில் அம்மா வெளியே போவதும் திரும்பி வருவதுமாக இருக்கும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் சோதனையை உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் உருவாக்கினார். ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் அதை நாய்களுக்கு ஏற்றபடி மாற்றி, 51 நாய்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. உரிமையாளர் அறையில் இருந்தபோது நாய்கள் அதிகமாக விளையாடின, அறையைச் சுற்றிப் பார்த்தன. அவர் போனதும் கதவருகே நின்றன. அறிமுகமில்லாத ஒருவர் துணைக்கு இருந்தும் அது போதவில்லை. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே உள்ளதைப் போன்ற பிணைப்பு அங்கே தெரிந்தது.

இரண்டாவது வழி, மூளையையே பார்ப்பது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரிகரி பர்ன்ஸ் குழுவினர் எம்ஆர்ஐ கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க நாய்களைப் பழக்கினார்கள். கட்டிப்போடவில்லை, மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. பிறகு 12 நாய்களுக்கு ஐந்து வகை வாசனைகளைக் காட்டினார்கள்: தன் வாசனை, தெரிந்த நாய், தெரியாத நாய், தெரிந்த மனிதர், தெரியாத மனிதர். நல்லது ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்போடு தொடர்புள்ள மூளைப்பகுதி ஒன்று, தெரிந்த மனிதரின் வாசனைக்குத்தான் மிக அதிகமாகச் செயல்பட்டது. வாசனைக்குரிய அந்த மனிதர் அப்போது நாயின் அருகில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆள் இல்லாதபோதும் அவருடைய வாசனை நாய்க்கு நல்ல செய்தியாக இருக்கிறது.

மூன்றாவது வழி, திரும்பி வரும்போது பார்ப்பது. சுவீடனில் 12 நாய்களை வீட்டில் அரை மணி நேரம், இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் எனத் தனியாக விட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்த வரவேற்பைவிட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கிடைத்த வரவேற்பு பலமாக இருந்தது. ஆகவே நாய்கள் நேர வேறுபாட்டை ஏதோ ஒரு வகையில் உணர்கின்றன. ஜப்பானில் 2022இல் வெளியான இன்னோர் ஆய்வு, சில மணி நேரம் பிரிந்திருந்த உரிமையாளரைச் சந்தித்தபோது நாய்களின் கண்ணீர்ச் சுரப்பு கூடியதாகச் சொன்னது. பழக்கமான வேறொருவரைச் சந்தித்தபோது அப்படிக் கூடவில்லை.

ஆக, பிரிவு நாய்க்குப் பொருட்டே இல்லை என்று சொல்ல முடியாது. அதைத் தாங்கக்கூடியதாக ஆக்குவதுதான் நம் வேலை.

முதல் சில நாள்தான் கடினம்

மன அழுத்தம் வரும்போது நம் உடலைப் போலவே நாயின் உடலும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ரத்தத்திலோ சிறுநீரிலோ அதை அளக்கலாம். அமெரிக்க விலங்குக் காப்பகம் ஒன்றில் 1997இல் வெளியான ஆய்வில், வந்து மூன்று நாளுக்குள் இருந்த நாய்களுக்குக் கார்டிசால் அதிகமாக இருந்தது. ஒன்பது நாளுக்கு மேல் தங்கியவற்றுக்குக் குறைவாக இருந்தது. புதிய இடம், புதிய ஓசை, புதிய மனிதர் எல்லாம் ஒன்றாகச் சேரும் அந்த முதல் சில நாள்தான் நாய்க்குக் கடினம்.

2019இல் வெளியான இன்னோர் ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை ஒன்றிரண்டு இரவு மட்டும் யாராவது ஒருவர் வீட்டில் தங்கவைத்தார்கள். அந்த இரவுகளில் கார்டிசால் குறைந்தது, நாய்கள் நன்றாக ஓய்வெடுத்தன. காப்பகத்துக்குத் திரும்பியதும் கார்டிசால் பழைய நிலைக்கே ஏறியது. அமைதியான வீடும் ஒரு மனிதரின் துணையும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது சான்று.

இவற்றிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பாடம் எளிது. பயண நாளன்று முதன்முதலாக மணியைப் புது இடத்தில் விடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே ஒருநாள் பகலில் அங்கே அழைத்துப் போங்கள். பிறகு ஓர் இரவு மட்டும் தங்கவிட்டு மறுநாள் கூட்டி வாருங்கள். ‘இங்கே விட்டாலும் திரும்ப வருவார்கள்’ என்பதை அனுபவத்தால் மட்டுமே மணி கற்றுக்கொள்ள முடியும்.

யாரிடம் விடுவது?

சிங்கப்பூரில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, மணி உங்கள் வீட்டிலேயே இருக்க, தெரிந்த ஒருவர் வந்து தங்குவது. இடமும் வாசனையும் மாறாது, ஆள் மட்டும்தான் மாறுவார். வயதான நாய்க்கும் பயந்த சுபாவமுள்ள நாய்க்கும் இதுவே நல்லது. காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவது மட்டும் போதாது. மீதி நேரமெல்லாம் நாய் தனியாகக் கிடக்கும். அது இடைவிடாமல் குரைத்தால் பக்கத்து வீட்டாருக்கும் தொல்லை.

இரண்டு, உறவினர் அல்லது நண்பர் வீட்டில் விடுவது. இங்கே ஒரு விதியைக் கவனியுங்கள். வீவக வீட்டில் அனுமதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு நாயை மட்டுமே வளர்க்கலாம். சித்தி வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், மணியை அங்கே விடலாமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாய்களும் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளுமா என்பது அடுத்த கேள்வி.

மூன்று, கட்டணம் வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைக்கும் நிலையங்கள். சுங்கை தெங்கா வட்டாரத்தில் உள்ள ‘தி அனிமல் லாட்ஜ்’ போன்ற இடங்களில் இவை இயங்குகின்றன. பிற நாய்களோடு பழகும் துணிச்சலான நாய்க்கு இது சரியாக இருக்கலாம். ஆண்டிறுதியில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பல வாரம் முன்பே பதிவு செய்ய வேண்டும். இந்த வணிகத்துக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் வரும் விலங்குநல மருத்துவச் சேவையின் உரிமம் தேவை. இந்த உரிமம் ஏன் முக்கியம் என்பதை நாம் கசப்பான ஒரு சம்பவத்தால் கற்றுக்கொண்டோம்.

2018 டிசம்பரில் நடந்தது

அந்த ஆண்டின் பள்ளி விடுமுறைக் காலம். புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில் ஒரு தனியார் வீட்டில் உரிமம் இல்லாமல் நாய்த் தங்குமிடம் நடந்துவந்தது. இணையத்தில் பார்க்கக் கவர்ச்சியாக இருந்ததால் பலர் நம்பித் தங்கள் நாய்களை விட்டுவிட்டு வெளிநாடு போனார்கள். சில உரிமையாளர்கள் திரும்பி வந்தபோது நாய்கள் மோசமான நிலையில் இருந்தன. ஷெட்லண்ட் ஷீப்டாக் இன நாய் ஒன்று காணாமல் போய்விட்டதாக அதன் குடும்பத்திடம் சொல்லப்பட்டது. அது இறந்துபோய் எரியூட்டப்பட்டுவிட்டது என்பது விசாரணையில்தான் தெரியவந்தது.

டிசம்பர் இறுதியில் அதிகாரிகள் அந்த வீட்டிலிருந்து 18 நாய்களையும் ஒரு முயலையும் மீட்டார்கள். நிலையத்தை நடத்தியவருக்கு நீதிமன்றம் பின்னர் அபராதம் விதித்தது. 2022 ஏப்ரல் முதல், நாய் பூனைகளைத் தங்கவைக்கும் நிலையங்களுக்கான உரிம நிபந்தனைகளும் கடுமையாக்கப்பட்டன.

அந்தக் குடும்பங்கள் தங்கள் நாய்மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். விலை கேட்டார்கள், படம் பார்த்தார்கள், நம்பினார்கள். அழகான படத்தில் நாற்றம் தெரியாது, சத்தம் கேட்காது, தண்ணீர்க் கிண்ணம் காலியாக இருக்கிறதா என்பதும் தெரியாது. நேரில் போய்ப் பார்த்தால் தெரியும்.

நீங்கள் பெற்றோரோடு போகும்போது உங்கள் கண்ணையும் மூக்கையும் பயன்படுத்துங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். நாய்கள் இரவில் தூங்கும் இடத்தைப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் வேறு இடம் தேடுங்கள். இரவில் அங்கே யார் இருப்பார், எத்தனை நாய்களை ஒருவர் கவனிக்கிறார், உடம்பு சரியில்லாவிட்டால் எந்த மருத்துவரிடம் கொண்டுபோவார்கள் என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலேயே சேர்த்துக்கொள்ளும் இடம் நல்ல இடமல்ல. உங்கள் நாயைச் சோதிக்காதவர்கள் மற்ற நாய்களையும் சோதித்திருக்க மாட்டார்கள். நாய்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ‘கென்னல் காஃப்’ எனப்படும் தொற்று இருமல் காற்றின் வழியாக எளிதில் பரவும். உண்ணிகள் சுவர் வெடிப்புகளில் ஒளிந்திருந்து அடுத்த நாய்மீது ஏறும். சிலவகை உண்ணிகள் ரத்தத்தைப் பாதிக்கும் நோய்க்கிருமிகளையும் பரப்பும். கிளம்புமுன் மணிக்குத் தடுப்பூசியும் உண்ணி மருந்தும் சரியாக இருக்கின்றனவா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவரிடம் சொல்ல வேண்டியவை

மணியைப் பார்த்துக்கொள்பவர் அன்பானவராக இருக்கலாம். ஆனால் நாயைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

முதலில் சாப்பாடு. மணி வழக்கமாக உண்ணும் அதே உணவை, நாள் கணக்குப் போட்டுக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்துவிடுங்கள். உணவு திடீரென மாறினால் குடலில் உள்ள நுண்ணுயிர்களின் சமநிலை கெட்டு வயிற்றுப்போக்கு வரலாம். “பாவம், சாதத்தில் கொஞ்சம் சாம்பார் ஊற்றிக் கொடுத்தேன்,” என்பது நம் வீடுகளில் நடப்பதுதான். வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும்கூட, நாயின் சிவப்பு ரத்த அணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சாக்லெட்டில் உள்ள தியோப்ரோமின் நாயின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் இதயத்தைப் பாதிக்கும். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அடுத்து வெயில். நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டும்தான் வியர்வைச் சுரப்பி பயன்படுகிறது, அது போதாது. அதனால் மூச்சிரைத்து, நாக்கிலிருந்தும் மூச்சுப் பாதையிலிருந்தும் நீரை ஆவியாக்கித்தான் உடலைக் குளிர்விக்கிறது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கிலுள்ள நீர் எளிதில் ஆவியாகாது. ஆகவே அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ மட்டும் நடக்க அழைத்துப் போகச் சொல்லுங்கள். பக் போன்ற தட்டை முகமுள்ள நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகலாக இருக்கும். அவற்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

பிறகு இடி. சிங்கப்பூரில் ஓர் ஆண்டில் சராசரியாக 168 நாள் இடி இடிக்கிறது. நவம்பரும் அதில் தாராளமாகப் பங்கெடுக்கும் மாதம். மணி இடிக்குப் பயந்தால் எங்கே ஒளிந்துகொள்ளும், அப்போது என்ன செய்தால் அமைதியாகும் என்று எழுதுங்கள். கதவைத் திறக்குமுன் வாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பழக்கமில்லாத இடத்தில் பயந்த நாய், திறந்த கதவைப் பார்த்தால் ஓடிவிடும்.

“நுண்சில்லு இருக்கிறதே, கண்டுபிடித்துவிடலாம்,” என்று நினைக்காதீர்கள். மணியின் தோலுக்கடியில் உள்ள நுண்சில்லில் மின்கலம் கிடையாது. அருகில் கருவியைக் கொண்டுவரும்போது அந்தக் கருவி அனுப்பும் ஆற்றலால்தான் அது விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். மணி எங்கே திரிகிறது என்று அதனால் காட்ட முடியாது. யாராவது பிடித்துக் கொண்டுவந்து சோதித்தால்தான் பயன். அந்த எண்ணோடு பதிவான உங்கள் தொலைபேசி அப்போது மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும். அதனால் பார்த்துக்கொள்பவரின் தொலைபேசி எண்ணை எழுதிய சிறு வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டுங்கள்.

கடைசியாக வாசனை. நீங்கள் சில நாள் போட்டுத் தூங்கிய பழைய டி-சட்டையைத் துவைக்காமல் மணியின் படுக்கையில் வையுங்கள். அம்மா முகம் சுளிப்பார். எமரி பல்கலைக்கழக ஆய்வைச் சொல்லிப் பாருங்கள். அது நாயின் கவலை முழுவதையும் போக்கிவிடாது. ஆனாலும் புதிய இடத்தில் மணிக்குத் தெரிந்த வாசனை ஒன்றாவது இருக்கும்.

செய்து பாருங்கள்: மணியின் வழக்கமான மூச்சு

தேவையானவை: கடிகாரம், நோட்டுப் புத்தகம், தூங்கும் நாய்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு தொடங்குங்கள். மணி நன்றாகத் தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஏழு நாள் குறித்து சராசரி காணுங்கள். நலமான நாய் தூங்கும்போது பொதுவாக நிமிடத்துக்கு 30க்கும் குறைவாகத்தான் மூச்சு விடும். அதோடு மணி ஒரு நாளில் எவ்வளவு சாப்பிடுகிறது, எத்தனை தடவை மலம் கழிக்கிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறது என்றும் எழுதுங்கள்.

அறிவியலில் இதை அடிப்படை அளவு என்பார்கள். வழக்கம் எது என்று தெரிந்தால்தான் மாற்றம் எது என்று தெரியும். “மணி சோர்வாக இருக்கிறது” என்று பார்த்துக்கொள்பவர் சொன்னால் யாருக்கும் அதிகம் புரியாது. “வழக்கமாகத் தூக்கத்தில் 18 மூச்சு, இன்று 40” என்று சொன்னால் மருத்துவருக்கு உடனே புரியும். நோட்டுப் புத்தகத்தின் படியை அவரிடம் கொடுங்கள். வீட்டில் நாய் இல்லாதவர்கள் நண்பர் வீட்டு நாய்க்கு இதைச் செய்து கொடுக்கலாம்.

கிளம்பும் நாள்

சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மணியைக் கொண்டுபோய் விடாதீர்கள். முந்தைய நாளே விடுங்கள். கட்டிப்பிடித்து அழுது நீண்ட நேரம் விடைபெற வேண்டாம். உங்கள் பதற்றத்தை மணி கவனிக்கும். நடக்க அழைத்துப் போய், சாப்பாடு வைத்து, அது முகர்ந்துகொண்டிருக்கும்போது இயல்பாகக் கிளம்புங்கள்.

ஊரிலிருந்து தினமும் காணொளி அழைப்பில் மணியைப் பார்க்க ஆசையாக இருக்கும். உங்கள் குரல் கேட்டதும் சில நாய்கள் வீடெல்லாம் உங்களைத் தேடத் தொடங்கிவிடும். அப்படி நடந்தால், படம் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் மணி அழகாக இருக்கிறதா என்று பார்க்காமல், நோட்டுப் புத்தகத்தில் உள்ள கேள்விகளையே கேளுங்கள்: சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, மலம் கழித்ததா, தூக்கத்தில் எத்தனை மூச்சு?

மூன்று வாரம் கழித்து நீங்கள் கதவைத் திறக்கும்போது மணி உங்கள்மீது தாவும், வாலை ஆட்டும், ஊளையிடும். அதெல்லாம் அடங்கியபின் உட்கார்ந்து அதன் காது மடல், கால் விரலிடுக்கு, வயிறு ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அன்றிரவு அது தூங்கியதும் மறுபடி 30 விநாடி எண்ணுங்கள். நோட்டுப் புத்தகத்தில் உள்ள பழைய எண்ணோடு அது ஒத்துப்போனால், நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.